திரையை உருட்டியவள் காணாதது: ‘மிங்லானின் கதை’யைப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சீனத்தின் பழங்காலத்தைக் களமாகக் கொண்ட காதல் தொடர்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ‘மிங்லானின் கதை’. 2018 டிசம்பர் 25 அன்று ஹுனான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடரை ஜாங் கைஜோவ் இயக்கினார். டேலைட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் தயாரித்தது. மிங்லானாக ஜாவோ லியிங், அவளை மணக்கும் கு திங்யேயாக ஃபெங் ஷாவோஃபெங், அவள் முதலில் மனத்தைக் கொடுத்த ச்சி ஹெங்காக ஜு யிலோங் ஆகியோர் நடித்தனர். பரவலாகக் கிடைக்கும் வடிவத்தில் 73 எபிசோடுகள் உள்ளன. ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 55 மணி நேரம்.

அந்த 55 மணி நேரத்தைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். துணிந்து தொடங்குபவர்களிலும் பலர் மூன்றாவது எபிசோடில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் முறை அங்கேதான் நிறுத்தினேன். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள், யாருக்கு யார் என்ன உறவு என்ற குழப்பம், காதல் தொடர் என்று நம்பி வந்தவருக்கு ஒரு சிறுமியும் ஒரு மரணமும் மட்டுமே கிடைக்கும் தொடக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து என்னை வெளியே தள்ளின. ஓராண்டு கழித்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தோடு மீண்டும் உட்கார்ந்தபோதுதான், இத்தொடர் தன் காதலை வசனங்களில் வைக்காமல் வீட்டு நடப்புகளுக்குள் வைத்திருக்கிறது என்பதும், அந்த நடப்புகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு முதல் எபிசோடிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் விளங்கின. அப்படிப் படிப்பதற்கு என்ன தேவை என்பதைப் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன். கதையின் பெரிய திருப்பங்களை இயன்றவரை மறைத்தே எழுதியிருக்கிறேன். முற்பாதி நிகழ்வுகள் சிலவற்றைச் சொல்லாமல் வழி காட்ட முடியவில்லை.

தொடங்குவதற்கு முன்

யூடியூபிலும் ஆசியத் தொடர்களைக் காட்டும் விக்கி (Viki) தளத்திலும் ஆங்கில சப்டைட்டிலோடு இத்தொடர் கிடைக்கிறது. எங்கே பார்க்க முடியும் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் உங்கள் ஊரில் எது திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூல மொழி ஒலியோடு பார்ப்பதே நல்லது. சீன மொழி ஒரு சொல்லும் தெரியாதவருக்கும் இது பொருந்தும். ஒருவரை ஒருவர் எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்பதுதான் இந்தக் கதையில் பாதி, அந்தச் சொற்களைக் காதால் கேட்டுப் பழகினால்தான் அவை மாறும் இடம் பிடிபடும். வேகத்தைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம். ஒரு மாமியார் தேநீர்க் கிண்ணத்தை வாங்குவதற்கு முன் எத்தனை விநாடி காத்திருக்க வைக்கிறார் என்பதே செய்தியாக இருக்கும் தொடரை இரட்டை வேகத்தில் ஓட்டினால் அந்தச் செய்தி மட்டும்தான் முதலில் காணாமல் போகும்.

நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு எபிசோடு என்ற கணக்கில் பார்த்தால் ஒன்றேகால் மாதத்திலிருந்து இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

பெயர்களுக்கு அரைப்பக்கம்

நோட்டுப் புத்தகத்தில் அரைப்பக்கம் ஒதுக்கி ஷெங் குடும்பத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சீனர்கள் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதியே வளர்ந்த நமக்கு இதில் சிரமம் இருக்காது. ஷெங் மிங்லான் என்றால் ஷெங் வீட்டு மிங்லான். அந்த வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் பெயரின் கடைசியில் ‘லான்’ வரும். அது ஆர்க்கிட் மலரைக் குறிக்கும் சொல். ஹ்வாலான், மோலான், ருலான், மிங்லான் என்ற வரிசையில் நம் கதாநாயகியே கடைசி. ஆண்பிள்ளைகளுக்குச் சாங்பாய், சாங்ஃபெங், சாங்தோங் என்று ‘சாங்’ முன்னால் வரும். ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள் ஓர் எழுத்தைப் பகிர்ந்துகொள்ளும் இந்த வழக்கம் தெரிந்துவிட்டால், பின்னால் ஷுலான், பின்லான் என்று புதியவர்கள் வரும்போது, இவர்களும் ஷெங் வீட்டுப் பெண்கள், பெரியப்பா வழிப் பிள்ளைகள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எண்கள் அடுத்த சிக்கல். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளை ஒரே வரிசையில் எண்ணுவதால் மிங்லான் ‘ஆறாவது பெண்’ என்று அழைக்கப்படுகிறாள். சப்டைட்டிலில் ‘ஆறாம் தங்கை’ என்று வந்தால் இன்னும் ஐந்து அக்காக்களைத் தேடாதீர்கள். கு திங்யே தன் வீட்டில் இரண்டாமவன். ஆகவே தொடக்கத்தில் மிங்லான் அவனை ‘இரண்டாம் சித்தப்பா’ என்ற பொருள் தரும் சொல்லால் அழைப்பாள். பின்னால் அவனையே மணக்கப்போகிறாள் என்று தெரிந்தவர்களுக்கு இது தூக்கிவாரிப்போடும். இரண்டு வீடுகளுக்கும் இடையே இரத்த உறவு கிடையாது. தலைமுறை மேலே இருப்பவரை முறை வைத்துச் சொல்லும் மரியாதைச் சொல் அது, தெருவில் போகும் பெரியவரை நாம் மாமா என்று அழைப்பதைப் போல. இந்தச் சொல்லை மட்டும் நோட்டில் அடிக்கோடிட்டு வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஆங்கில எழுத்தில் வரும் பெயர்களைப் படிக்க ஒரு சிறு உதவி: கியூ எழுத்தில் தொடங்குவதை ‘ச்சி’ என்றும், எக்ஸில் தொடங்குவதை ‘ஷி’ என்றும், இஸட்டும் எச்சும் சேர்ந்து வருவதை ‘ஜ’ என்றும் வாசித்தால் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஓரளவு ஒட்டிப்போகும்.

யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும்

மிங்லானின் தகப்பன் ஷெங் ஹோங் ஓர் அரசு அதிகாரி. அவருக்குச் சட்டப்படி மனைவி ஒருத்திதான். அவள் வாங் ருவோஃபூ, வீட்டின் ‘தா நியாங்ஸி’, நம் வழக்கில் சொன்னால் பெரியம்மணி. லின், வெய் இருவரும் துணைவியர். நம் ஊர்க் கதைகளில் வரும் மூத்தாள், இளையாள் என்ற உறவை இதன்மேல் அப்படியே பொருத்திவிடக் கூடாது. இளையாளும் மனைவிதான், துணைவியோ அந்த வீட்டில் எசமானிக்கும் வேலைக்காரிக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் இருப்பவள். அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை தகப்பனின் மனைவியைத்தான் அம்மா என்று அழைக்க வேண்டும். பெற்றவளை ‘சியாவ்நியாங்’ என்றே அழைக்கும்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் சப்டைட்டிலை வாசித்துச் சொல்ல, அவர் படம் பார்ப்பார். இரண்டாவது எபிசோடின்போது அவர், “பெத்தவள அம்மான்னு கூப்பிட விடாத வீட்ல அந்தப் புள்ள எப்படிடா வளரும்?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து அவர் என் வாசிப்புக்காகக் காத்திருக்கவில்லை. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் வந்ததும் யார் எழுகிறார்கள் என்பதைப் பார்த்தே அந்தக் காட்சியில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்று எனக்கு முன்பாகச் சொல்லத் தொடங்கினார். புதியவருக்கு நான் சொல்லும் முக்கியமான பயிற்சியும் இதுதான்: ஒவ்வொரு கூடத்துக் காட்சியிலும் முதல் பத்து விநாடிக்குச் சப்டைட்டிலை விட்டுவிட்டு இருக்கைகளைப் பாருங்கள்.

துணைவிக்குப் பிறந்தவள் என்ற இந்த ஒன்று மிங்லானின் வாழ்க்கை முழுவதையும் வரையறுக்கிறது. எந்த வீட்டில் அவளுக்கு வரன் பார்க்கலாம், எந்த வீட்டில் பார்க்கக் கூடாது, எந்தப் புடவைத் துணி அவளுக்கு வரும், படிப்பில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டலாம் என்பதெல்லாம் அதிலிருந்தே முடிவாகின்றன. காதல் அவளுக்கு ஒரு செலவு. அந்தச் செலவைத் தாங்கும் நிலையில் அவள் இல்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், அவள் ஏன் இப்படிக் கல்லாக இருக்கிறாள் என்று முற்பாதியில் எழும் எரிச்சல் வராது.

முதல் எபிசோடின் அம்பு விளையாட்டு

முதல் சில எபிசோடுகளில் மிங்லான் சிறுமி. கதை யாங்ஜோவ் நகரில் தொடங்குகிறது. மூத்தவள் ஹ்வாலானுக்கு நிச்சயச் சீர் வந்து இறங்கும் நாள். சீர்ப் பொருள்களில் ஒரு சோடி காட்டு வாத்துகள் உண்டு. வாத்து தன் இணையை மாற்றாது என்ற நம்பிக்கையால் பழஞ்சீனத் திருமணச் சடங்குகளில் அதற்குத் தனி இடம் இருந்தது. அந்த வாத்துகளையே பந்தயமாக வைத்து, குறுகிய வாயுள்ள பானைக்குள் தொலைவிலிருந்து அம்பு எறியும் விளையாட்டில் சாங்ஃபெங் தோற்றுக்கொண்டிருக்கிறான். வாத்துகள் போனால் அக்காவின் மானம் போகும், ஷெங் வீட்டுப் பெயரும் போகும். பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் முன்னால் வந்து அம்பைக் கையில் எடுப்பவள் மிங்லான். எதிரே நிற்கும் இளைஞன் கு திங்யே.

அவள் வெல்கிறாள். இந்தக் காட்சியை ஒரு சுட்டிப் பெண்ணின் வெற்றியாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், வென்ற பிறகு அவளைச் சுற்றியுள்ள முகங்களைக் கவனியுங்கள். துணைவியின் மகள் ஒருத்தி எல்லார் கண்ணிலும் படும்படி நின்றுவிட்டாள். திறமையை வெளியே காட்டாதே என்பதுதான் அவளுடைய தாய் வெய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். தாய் சொன்னது எவ்வளவு சரி என்பதைச் சிறிது காலத்திலேயே, பேறுகால வேதனையில் தாய் இறந்துபோகும் இரவில், அவள் கற்றுக்கொள்கிறாள். அந்த மரணத்தில் யார் கை இருக்கிறது என்பதற்கான கணக்கு பல ஆண்டுகள் கழித்தே தீர்க்கப்படுகிறது. அதுவரை மிங்லான் மந்தமான பெண்ணாக, யாருக்கும் போட்டியில்லாதவளாக நடிக்கிறாள். அவளுடைய உண்மையான அம்பு வீச்சைப் பார்த்த ஓர் ஆண்மகன் உலகத்தில் இருக்கிறான் என்பதே இந்தக் காதலின் விதை.

தாயை இழந்தவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் பாட்டியின் மாளிகைக்கு ஷோவ்-ஆன் கூடம் என்று பெயர். அங்கே நிகழும் காட்சிகளுக்காகவே முதல் பத்து எபிசோடுகளைப் பார்க்கலாம். பாட்டியாக நடித்த சாவ் த்சுய்ஃபென், ஜாங் யிமோவ் 1991இல் எடுத்த புகழ்பெற்ற திரைப்படத்தில், ஒரே மாளிகையில் நான்கு பெண்கள் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்ட கதையில், சிரித்த முகத்தோடு குழி பறிக்கும் இரண்டாமவளாக நடித்தவர். அதே முகம் இங்கே ஒரு பேத்திக்குச் சோறூட்டுவதைப் பார்ப்பது எனக்குத் தனியான மனநிறைவைத் தந்தது.

தலைப்பாக நிற்கும் பாட்டு

பத்தாவது எபிசோடுக்கு வந்ததும் ஒரு நாள் நிறுத்தி, தொடரின் சீனத் தலைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். சோங் அரச மரபு ஆண்ட காலத்துப் பெண் கவிஞர் லி சிங்ஜாவோவின் சிறு பாடல் ஒன்றின் இறுதி வரி அது. பாடலின் செய்தி இவ்வளவுதான்: நேற்றிரவு சிறு தூறலும் பெருங்காற்றும், ஆழ்ந்து உறங்கியும் மதுவின் மயக்கம் தெளியவில்லை, சாளரத் திரையை உருட்டும் பணிப்பெண்ணிடம் தோட்டத்து மலர்களைப் பற்றிக் கேட்டால், எல்லாம் முன்போலவே இருக்கின்றன என்கிறாள், தெரியுமா உனக்கு, தெரியுமா, பச்சை பருத்துச் சிவப்பு மெலிந்திருக்க வேண்டும்.

மழைக்குப் பின் இலை செழித்திருக்கும், பூ உதிர்ந்திருக்கும். திரைக்கு அருகில் நின்று கண்ணால் பார்த்தவளுக்குத் தெரியாதது, படுக்கையில் கிடப்பவளுக்குத் தெரிகிறது. குறிஞ்சியில் யானையும் சுனையும் சொல்லப்படும்போது தலைவியின் நெஞ்சைத் தேடப் பழகியவர்கள் நாம். உள்ளுறை என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கண்ணோடு இத்தொடரைப் பார்த்தால் போதும். தேநீர் கொடுக்கப்படுகிறது, கணக்குப் புத்தகம் புரட்டப்படுகிறது, ஓர் ஊசி தலையில் செருகப்படுகிறது. எல்லாம் முன்போலவே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். அப்படிப் பார்ப்பவர்கள்தான் இந்தத் தொடரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

லி சிங்ஜாவோ 1084இல் பிறந்தவர். கதை நிகழும் காலமோ பேரரசர் ரென்சோங்கின் ஆட்சியை, அதாவது 1022 முதல் 1063 வரையான ஆண்டுகளை, அடியொற்றியது. கதை மாந்தர்கள் தங்கள் தலைப்பைக் கேட்டிருக்க முடியாது. அதே ரென்சோங்கின் அவைக்கு 1033இல் முதலாம் இராசேந்திர சோழனின் தூதுக்குழு போய்ச் சேர்ந்தது என்பதைச் சீனப் பதிவுகள் குறித்து வைத்திருக்கின்றன. கதையின் பெரும்பகுதி நிகழும் தலைநகர் பியென்ஜிங், இன்றைய ஹெனான் மாநிலத்தின் கைஃபெங். அந்த நகரத்துத் தெருக்களில் நம்மவர் நடந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்த பிறகு, அங்கே வரும் கடைவீதிக் காட்சிகளை நான் சற்று நிறுத்தி நிறுத்தியே பார்க்கிறேன்.

காதலை எங்கே தேடுவது

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், ஆகவே இங்கே சற்று நிற்கிறேன்.

ச்சி ஹெங் கோமகன் வீட்டு ஒரே பிள்ளை. அழகன், படிப்பாளி, மனத்தில் கள்ளமில்லாதவன். ஷெங் வீட்டுப் பாடசாலையில் மிங்லானோடு படித்து அவளை உயிராக நேசிக்கிறான். அவனைப் பார்க்கும் எவரும் இவனையே இவள் மணக்கட்டும் என்றுதான் விரும்புவார்கள், அதில் தவறும் இல்லை. அவனுக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று: அவன் தன் அன்பை வெளிப்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலையைக் கொடுப்பவள் மிங்லான். அவன் தரும் ஒரு பரிசு, அவன் வீசும் ஒரு பார்வை, இரண்டும் அக்காக்களின் பொறாமையாகவும் அவனுடைய தாயின் சினமாகவும் அவள் தலையில்தான் விடிகின்றன. ஜு யிலோங்கின் நடிப்பில் இந்தப் பாத்திரத்தின்மேல் கோபம் வருவதே இல்லை, அதனால்தான் வலிக்கிறது.

கு திங்யே அவனுக்கு நேர் எதிர். ஊரெல்லாம் தறுதலை என்று பேசும், மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டம் உள்ள வீட்டின் இரண்டாம் மகன். அவனும் தன் வீட்டில் நடிப்பவர்களின் நடுவே வளர்ந்தவன். அவனைக் கெடுத்ததே பாசம் என்ற பெயரில் செய்யப்பட்ட ஒரு காரியம். நடிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவன், நடித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை அடையாளம் கண்டுகொள்கிறான். முற்பாதியில் இவர்கள் சந்திக்கும் காட்சிகள் குறைவு. காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. குதிரைமேல் ஆடும் பந்தாட்டக் காட்சியைத் தவறவிடாதீர்கள். தோழி யென்ரானின் இறந்துபோன தாயுடைய கொண்டையூசி அந்த ஆட்டத்துக்குப் பரிசுப் பொருளாகிவிடுகிறது. அதை மீட்க, தன்னை மறைத்துக்கொண்டே வாழ்ந்த மிங்லான் அத்தனை பேர் முன்னிலையில் குதிரையேறுகிறாள். அவளுக்குத் துணையாக இறங்குபவன் கு திங்யே. யாங்ஜோவில் அவள் அம்பு எறிந்தபோது எதிரணியில் நின்றவன் இப்போது அவள் பக்கத்தில் இருக்கிறான். அவள் வெளியே வந்த இரண்டு முறையும் அடுத்தவர் மானத்துக்காகவே வந்தாள் என்பதைப் பார்த்திருக்கும் ஒரே ஆள் அவன்தான்.

திருமணம் தொடரின் பாதியைக் கடந்த பிறகே நடக்கிறது. பிற காதல் தொடர்கள் முடியும் இடம் அது; இதன் காதல் உண்மையில் தொடங்குவது அங்கேதான். மிங்லான் குறையே சொல்ல முடியாத மனைவியாகிறாள். வரவுசெலவு, வேலையாட்கள், கணவனின் பழைய வாழ்க்கையிலிருந்து வந்த குழந்தை, வஞ்சகம் நிறைந்த புகுந்த வீடு என எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு நடத்துகிறாள். அந்தக் குறையின்மைதான் கு திங்யேயை நோகடிக்கிறது. பொறாமைப்படாத, எதையும் கேட்காத, எதற்கும் சண்டையிடாத மனைவியிடம் அவன் தேடுவது அவள் ஷெங் வீட்டில் போட்டுக்கொண்ட கவசத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அம்பு எறிந்த சிறுமியை. அவளோ, கவசத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்று தாய் இறந்த இரவில் கண்டவள். இந்த இழுபறியை ஜாவோ லியிங் வாயோரத்தின் ஒரு சிறு அசைவிலும், பதில் சொல்வதற்கு முன் விடும் மூச்சிலும் நடித்துக் காட்டுகிறார்.

இப்போது நோட்டில் அடிக்கோடிட்டதை எடுங்கள். ‘இரண்டாம் சித்தப்பா’ என்று தொடங்கியவள், மணமான பின் கணவனை ‘குவான்ரென்’ என்கிறாள். அந்தக் காலத்து மனைவி கணவனை மரியாதையாக அழைக்கும் சொல் அது. மற்றவர் முன்னிலையில் அவனுடைய பதவிப் பட்டத்தைச் சொல்கிறாள். இவை எல்லாமே முறைப்படி சரியான சொற்கள், இவை அனைத்தும் கவசத்தின் பகுதிகள். பிறகு ஒரு நாள், பொங்கி வரும் கோபத்தில், ‘கு திங்யே!’ என்று முழுப் பெயரையும் சொல்லிக் கத்துகிறாள். கணவன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிமாரோடு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நான் வாசித்துச் சொல்வதற்கு முன்பே என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “பேர் சொல்லிட்டாளா?” என்றார். இனி அவள் தன் மனத்தில் உள்ளதைச் சொல்லப் பயப்பட மாட்டாள் என்பதை அந்த அழைப்பு ஒன்றே சொல்லிவிடுகிறது.

பொருள்களைப் பற்றிச் சில குறிப்புகள்

சோங் காலத்தில் தேநீர் கொதிக்க வைத்து வடிகட்டப்படவில்லை. பொடியாக அரைத்த இலையில் வெந்நீர் ஊற்றி மூங்கில் மத்தால் நுரை வரக் கடைந்தார்கள். நுரையின் வெண்மை எடுப்பாகத் தெரிவதற்காகக் கரிய கிண்ணங்களை விரும்பினார்கள். அரண்மனையிலிருந்து வரும் கோங் என்ற மூதாட்டி ஷெங் வீட்டுப் பெண்களுக்கு இதையெல்லாம் பழக்கும் காட்சிகள் வெறும் அலங்காரம் இல்லை. சகோதரிகள் சண்டையிடும்போது அவர் குற்றம் செய்தவளை மட்டும் தண்டிப்பதில்லை, எல்லாரையும் தண்டிக்கிறார். ஒருத்தி பெயர் கெட்டால் மற்றவளுக்கு நல்ல பெயர் எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. பின்னால் நிகழும் திருமணப் பேச்சுகள் அனைத்துக்கும் அந்தக் கேள்விதான் திறவுகோல்.

பெண்ணின் சீதனம் அவள் கட்டுப்பாட்டில் இருந்த சொத்து என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கு குடும்பத்தின் பழைய கதையில் ஓர் உப்பு வணிகரின் மகள் வருகிறாள். அவள் கொண்டுவந்த சீதனம் எங்கே போயிற்று என்ற கேள்வியை அப்போதே குறித்து வையுங்கள்.

அரசவைக் காட்சிகளைத் தாண்டிவிடாதீர்கள்

பலர் அரசியல் வந்ததும் முன்னால் ஓட்டிவிடுகிறார்கள். இரண்டு செய்தி தெரிந்தால் ஓட்டத் தேவையிருக்காது. சோங் பேரரசரை மக்கள் ‘குவான்ஜியா’ என்று அழைத்தார்கள். சப்டைட்டிலில் எப்படி வந்தாலும் காதில் அந்தச் சொல் விழுந்தால் பேரரசரைப் பற்றிய பேச்சு என்று கொள்ளுங்கள். அந்தப் பேரரசருக்கு உயிரோடு ஆண் வாரிசு இல்லை. உறவுக்குள்ளிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை, அதற்கான போட்டியில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதே ஷெங் வீட்டுத் திருமணங்களையும், ச்சி ஹெங்கின் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது.

பிற்பாதியில், சுவீகாரமாக வந்து அரியணை ஏறியவர் தம்மைப் பெற்ற தந்தையை எந்த முறையில் அழைப்பது என்று அவையில் பெரும் வழக்கு மூளும். வரலாற்றில் ரென்சோங்குக்குப் பின் 1063இல் பட்டத்துக்கு வந்த யிங்சோங்கின் அவையில் இதே வாதம் நடந்தது: பெற்றவரைத் தந்தை என்றே சொல்ல வேண்டும் என்றார் ஓயாங் ஷியு, சுவீகாரம் போனவருக்குப் பெற்றவர் பெரியப்பா முறைதான் என்றார் ஸிமா குவாங். பெற்றவளை அம்மா என்று அழைக்க முடியாத ஒரு பெண்ணின் கதையில், பெற்றவரை அப்பா என்று அழைக்க முடியாத பேரரசர் வருகிறார். இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அரசவைக் காட்சிகள் வீட்டுக் காட்சிகளாகவே தெரியும்.

பிற்பாதியைப் பார்க்கும் முறை

ஐம்பதாவது எபிசோடை ஒட்டி வேகம் குறைகிறது. கு வீட்டுச் சூழ்ச்சிகள் சில நீளம்தான். அங்கே சோர்வு வந்தால் இரண்டு நாள் இடைவெளி விட்டு, மிங்லானின் பணிப்பெண் சியாவ்தாவ் வரும் காட்சிகளுக்காகவேனும் திரும்பி வாருங்கள். எதையும் யோசிக்காமல் பேசிவிடும் அந்தப் பெண்தான், எல்லாவற்றையும் யோசித்தே பேசும் தன் எசமானிக்கு இந்தக் கதை தந்திருக்கும் இளைப்பாறல். வாங் ருவோஃபூவாக நடித்த லியு லின்னின் காட்சிகளையும் விட்டுவிடாதீர்கள். முன்கோபமும் அவசரமும் நல்ல மனமும் கலந்த அந்தப் பெரியம்மணி போகப் போக உங்களுக்குப் பிடித்தவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவார்.

கடைசிப் பத்து எபிசோடுகளுக்கு மட்டும் நாள் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை ஒருவரையொருவர் புரிந்துகொண்டு வாழ்ந்தவர்கள் அங்கே நடந்துகொள்ளும் விதம் உங்களுக்குக் கோபத்தையும் குழப்பத்தையும் தரக்கூடும். அந்த இடத்தில் இணையத்தில் முடிவைத் தேடாதீர்கள், நிறுத்திவிடவும் வேண்டாம். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதிய உறவு வரிசையை ஒரு முறை படித்துவிட்டு, வார இறுதி ஒன்றை ஒதுக்கி, அந்தப் பத்தையும் இடைவெளி விடாமல் பார்த்து முடியுங்கள்.